பசித்த நாய்க்குட்டி



நாய்க்குட்டி வளர்த்தல் இளமைக்குரிய இன்பங்களுள் ஒன்று. தெருவில் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொணர்ந்து, அன்னையிடம் வசவு வாங்கிய அனுபவம் உங்களுள் பலருக்கு இருக்கலாம். வந்த முதல் நாள் அக்குட்டியின் குறும்பு நமக்கு மகிழ்ச்சி தருகின்றது. பத்தாம் நாள் அதே குறும்பு தொல்லையாகி விடுகின்றது. வாசற்படியைத் தாண்டியவுடன் அது மண்ணை நக்குகின்றது, காகிதத்தைக் கவ்வுகின்றது, எச்சில் இலையை இழுக்கின்றது, எலும்பு, சாணம், செருப்புத் துண்டு, பிளாஸ்டிக் பை என எதையும் விட்டுவைப்பதில்லை. "எவ்வளவு போட்டாலும் போதவில்லை, பசி அடங்காத பிறவி" என்று நாம் சலித்துக்கொள்கின்றோம். பிறகு கோலைத் தேடுகின்றோம்.

இக்குட்டியை என்ன செய்வது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். விடையை முதலிலேயே கூறிவிடுகின்றேன். நாம் செய்ய வேண்டியவை மூன்று. அதன் பசிக்குக் காரணத்தை ஆராய்ந்து நீக்குதல் ஒன்று. தீங்கு தரும் பொருள்கள் அதன் வாய்க்கு எட்டாமல் காத்தல் மற்றொன்று. வாயில் கவ்வியதை விருப்பத்தோடு நம்மிடம் விட்டுக்கொடுக்கப் பழக்குதல் மூன்றாவது. துரத்துதலும் அடித்தலும் இம்மூன்றில் அடங்கமாட்டா. இந்தப் பாடத்தை நான் ஒரு குட்டியின் உயிரைப் பணயம் வைத்தே கற்றுக்கொண்டேன்.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், என் பேரன் ஒரு நாட்டு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். செம்மண் நிறம், காதுகள் இரண்டும் இன்னும் நிமிராத பருவம். மணி என்று பெயரிட்டான். அதற்கு நான்கு மாதம் நிரம்பியிருந்த ஒரு மாலை, வேலியோரம் யாரோ சப்பி எறிந்த மாங்கொட்டையை அது கவ்விக்கொண்டது. அதைப் பிடுங்குவதற்காக நான் குடையை ஓங்கிக்கொண்டு ஓடினேன். பேரன் மறுபுறம் மடக்கினான். குட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. மறுகணம் கழுத்தை நீட்டிக் கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டது.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் உண்டதையெல்லாம் கக்கியது. பிறகு தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. கால்நடை மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, குடலில் அடைத்து நின்ற கொட்டையை அன்று மாலையே அறுவை செய்து எடுத்தார். அவர் என்னிடம் பயின்ற மாணவர். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஐயா, இதைத் துரத்தினீர்களா?" என்று கேட்டார். "பறிக்கத்தான் ஓடினேன்" என்றேன். "அதனால்தான் ஐயா விழுங்கியிருக்கிறது. விட்டிருந்தால் சிறிது நேரம் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கும்" என்றார். ஆண்டுக்கணக்கில் பிறருக்குப் பாடம் சொன்ன நான், அன்று மறுமொழி கூற இயலாமல் நின்றேன்.

அன்றிரவு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த பாடமொன்று நினைவுக்கு வந்தது. தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், பூனைகளைக் கூண்டில் அடைத்து அவை வெளிவரக் கற்கும் விதத்தை ஆராய்ந்து, 1898-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். எந்தச் செயலின் பின் நிறைவு உண்டாகின்றதோ அச்செயல் வலுப்பெறும் என்பது அவர் கண்ட விதி. அதற்கு விளைவு விதி என்று பெயர். இவ்விதியைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும் என் வீட்டு முற்றத்தில் அதை மறந்தேன். குட்டியின் நிலையிலிருந்து எண்ணிப் பாருங்கள். அது ஒரு பொருளைக் கண்டெடுக்கின்றது. பெரிய உருவம் ஒன்று அதைப் பறிக்க ஓடி வருகின்றது. விழுங்கிவிட்டால் பறிபோகாது. ஆகவே விழுங்குதலே வெற்றியாகின்றது. அடுத்த முறை அது இன்னும் விரைவாக விழுங்கும். நாம் துரத்துந்தோறும் விழுங்குதலையே அதற்குப் பயிற்றுவிக்கின்றோம்.

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை இவ்விடத்தில் சிலர் கூறுவர். அடிபட்ட குட்டி தின்பதை நிறுத்துவதில்லை. நம் கண்ணெதிரே தின்பதை மட்டுமே நிறுத்துகின்றது. வகுப்பில் கதைப்புத்தகம் படித்த சிறுவனை நான் பிரம்பால் அடித்ததுண்டு. அவன் படிப்பதை விடவில்லை. என் கண்ணுக்குத் தெரியாதபடி படிக்கக் கற்றுக்கொண்டான்.

இனி, குட்டி ஏன் எதையும் வாயில் போடுகின்றது என்பதைக் காண்போம். நமக்குக் கை எப்படியோ, குட்டிக்கு வாய் அப்படி. ஒரு பொருள் வலியதா மெலியதா, உண்ணத்தக்கதா ஆகாததா என்பதை அது மூக்காலும் வாயாலுமே அறிகின்றது. தவழும் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைப்பதில்லையா? மேலும், நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரம் முதல் பாற்பற்கள் முளைக்கின்றன. அவை 28. ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து அவை விழ, நிலையான பற்கள் 42 ஏழாம் மாதத்துக்குள் வந்துவிடுகின்றன. இப்பருவத்தில் ஈறு தினவெடுப்பதால், கிடைத்ததைக் கடிப்பது இயற்கை. கடிக்கத்தக்க ரப்பர்ப் பொம்மையோ, முடிச்சிட்ட கெட்டித் துணியோ கொடுத்துவிட்டால் வீட்டுச் செருப்புகள் பிழைக்கும்.

ஆயினும், உண்மையான பசியும் இருக்கலாம். அதை முதலில் ஆராயாமல் பயிற்சி தொடங்குதல் முறையன்று. பசித்த வயிற்றுக்கு அறிவுரை ஏறாது. குட்டியின் விலாவைக் கையால் தடவிப் பாருங்கள். எலும்புகள் மெல்லிய தசைக்கடியில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தோன்றலாகாது. மேலிருந்து நோக்கினால் இடை சற்றே ஒடுங்கியிருக்க வேண்டும். விலா துருத்தி, வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் குடற்புழு இருப்பதாக ஐயுற வேண்டும்.

நம் வீடுகளில் குட்டிக்குப் பெரும்பாலும் சோறும் பாலுமே இடுகின்றோம். நாயின் உடல் மாவுப்பொருளைச் செரிக்க வல்லதே. ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதையும், அதற்கு அடிப்படையான மரபணு வேறுபாட்டையும் 2013-இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்ததன் பயன் அது. ஆகவே சோறு நஞ்சன்று. ஆனால் சோறு மட்டும் போதாது. வளரும் குட்டியின் உணவில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் வேண்டும். அரிசியில் இருப்பது ஏறத்தாழ 7 கிராமே. வயிறு நிறையச் சோறு தின்ற குட்டி சற்று நேரத்தில் மீண்டும் உணவு தேடி அலைந்தால், அதனைப் பேராசை என்று பழிக்கலாமா? வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய இறைச்சி அல்லது மீன் ஆகியவற்றை உரிய அளவில் சேர்க்க வேண்டும். எலும்பு வளர்ச்சிக்குச் சுண்ணாம்புச் சத்தும் தேவை. இந்த அளவுகளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்வது நலம். நாய்க்குட்டிகளுக்கென்றே கடைகளில் விற்கும் நிறையுணவை வாங்குவோர், உறையில் குறித்துள்ள அளவைப் பின்பற்றலாம்.

உண்ணும் வேளையும் முக்கியம். குட்டியின் இரைப்பை சிறியது. நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பின்னர் இரண்டு வேளை எனப் பகுத்து, குறித்த நேரத்தில் இடுதல் வேண்டும். காலையில் ஒரு முறை கொட்டிவிட்டு மாலைவரை மறந்துபோகும் வீட்டில் குட்டி தெருவைத்தான் நம்பி வாழும்.

அடுத்தது குடற்புழு. நாயின் உருண்டைப்புழு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டியின் உடலில் புகுந்துவிடுகின்றது. தாய்ப்பாலின் வழியாகவும் வருகின்றது. ஆகையால் இரண்டு வார வயதிலிருந்தே புழுநீக்க மருந்து தொடங்கி, மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் சோகை உண்டாகின்றது. சோகையுற்ற குட்டி மண்ணையும் சுவரையும் நக்குவதுண்டு. மண் தின்னும் குட்டியைத் திட்டுவதற்கு முன், அதன் ஈறு வெளுத்திருக்கின்றதா என்று பாருங்கள்.

பிறவியிலேயே பசி மிகுந்த நாய்களும் உண்டு. லாப்ரடார் என்னும் இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு, "போதும்" என்று உடலுக்கு உணர்த்தும் மரபணுவில் ஒரு பகுதி குறைவாக இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்கள் 2016-இல் கண்டறிந்தனர். அத்தகைய நாய் பசியென்று கெஞ்சுவது நடிப்பன்று. எனினும் கேட்டபோதெல்லாம் இட்டால் உடல் பருத்து நோயுறும். அதற்கு அளவு மாறாமல் ஊட்டுவதே அன்பு.

இரண்டாவது கடமை, தீங்கிலிருந்து காத்தல். குட்டியை வெளியே விடுமுன் நாம் ஒரு முறை முற்றத்தைச் சுற்றிவர வேண்டும். எலிப்பாடாணம் வைத்த இடத்தில் குட்டி உலவலாகாது. எலி மருந்துகளுள் ஒரு வகை இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. அதைத் தின்ற குட்டி ஓரிரு நாள் நலமாகவே தோன்றும். பின்னர் உள்ளே இரத்தம் கசிந்து சோர்ந்து விழும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திருத்தல் இங்கே கொடிய பிழை. உடனே மருத்துவரிடம் சென்றால் உயிர்ச்சத்து 'கே' கொடுத்துக் காப்பாற்ற இயலும். அழகுக்காக வளர்க்கும் அரளியின் இலை, பூ, காய் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை.

நாம் உண்பதெல்லாம் நாய்க்கு நல்லவை என எண்ணுதலும் தவறு. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் அதன் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகலாம் என்று 2021-இல் நச்சியல் அறிஞர் சிலர் கருத்துரைத்தனர். அவ்வமிலம் புளியிலும் மிகுதி. வெங்காயமும் புளியும் சேர்ந்த நம் குழம்பு நாய்க்கு ஏற்றதன்று என்பது இதனால் விளங்கும். வேகவைத்த கோழியெலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையின் கதையை முன்பே கேட்டீர்கள்.

தடுப்பூசிகள் நிறைவுறாத குட்டிக்குத் தெருவில் கிடக்கும் மலமும் ஆபத்தே. 1978-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ என்னும் நச்சுயிரி, நோயுற்ற நாயின் மலத்தின் வழியே பரவுகின்றது. மண்ணில் பல மாதம் அழியாமல் இருக்கவல்லது. அதற்குரிய ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, தவணை தவறாமல் போட வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. இதற்கு வேண்டுவன பொறுமையும் ஒரு கிண்ணம் சிறு துண்டு இறைச்சியும் மட்டுமே. இறைச்சி புழங்காத வீட்டில் பாலாடைக்கட்டித் துண்டுகள் போதும். முதலில் வீட்டுக்குள் தொடங்குங்கள். குட்டி ஒரு துணியைக் கவ்வியிருக்கும்போது, துணியைத் தொடாமல், இறைச்சித் துண்டை அதன் மூக்கருகே காட்டுங்கள். அது துணியை விட்டுவிட்டுத் துண்டைத் தின்னும். உடனே துணியை அதனிடமே திருப்பிக் கொடுங்கள். இந்தத் திருப்பிக் கொடுத்தலைப் பலர் மறந்துவிடுகின்றனர். கொடுத்தால் இழப்பில்லை, ஊதியமே உண்டு என்னும் நம்பிக்கை அதனால்தான் பிறக்கின்றது. பத்து, இருபது முறை இவ்வாறு நிகழ்ந்தபின், துண்டைக் காட்டுவதற்குச் சற்று முன்னதாக "விடு" என்று அமைதியான குரலில் கூறுங்கள். நாளடைவில் அச்சொல்லைக் கேட்டதும் வாய் தானே திறக்கும்.

அடுத்த பாடம், எடுக்காமல் இருத்தல். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளுங்கள். குட்டி நக்கும், பிறாண்டும், முனகும். பேசாதிருங்கள். அது சலித்து முகத்தைப் பின்வாங்கிய அந்த நொடியில் "நன்று" என்று கூறி மற்றொரு கையிலிருந்து துண்டு கொடுங்கள். பாய்ந்தால் கிடைக்காது, பொறுத்தால் கிடைக்கும் என்பதை அது சில நாள்களில் உணர்ந்துகொள்ளும். பிறகு துண்டைத் தரையில் வைத்துப் பழக்கலாம்.

இவை வீட்டுக்குள் நன்கு படிந்த பின்னரே வெளியில் செல்ல வேண்டும். எழுத்தறியாத பிள்ளையை முதல் நாளே செய்யுள் படிக்கச் சொல்லுவாருண்டோ? முதலில் ஆளரவமற்ற தூய்மையான இடம், பிறகு தெரு. கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். ஆனால் இழுத்துப் பிடிக்க வேண்டாம். குட்டி தரையிலிருந்து தலை தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பரிசளியுங்கள். குப்பைமேட்டை நீங்கள் முன்னதாகவே கண்டு விலகிச் செல்லுங்கள். ஒவ்வொரு நாளும் அதன் உணவில் ஒரு பங்கைத் தூய்மையான முற்றத்தில் சிறு துண்டுகளாக இறைத்து, மோந்து தேடி உண்ணவிடுங்கள். தேடுதல் நாயின் பிறவிக் குணம். அதை அடியோடு ஒடுக்க முயல்வதைவிட நல்வழியில் திருப்புதல் எளிது.

பழக்கம் நிலைபெறுவதற்குள் ஆபத்தான இடங்களில் நடத்த வேண்டியிருந்தால் வாய்க்கூடு அணிவிக்கலாம். கன்று மண் தின்னாதிருக்க நம் உழவர்கள் வாய்க்கூடு கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். நாய் வியர்வையால் அன்றி, இளைத்தலால் உடற்சூட்டைத் தணிப்பது. ஆகவே வாயைத் திறந்து இளைக்கவும் நீர் பருகவும் இடந்தரும் கூடை போன்றதே ஏற்றது. வாயை இறுக்கிக் கட்டும் பட்டை கூடாது.

இவ்வளவு காத்தும் குட்டி தீயதொன்றை விழுங்கிவிட்டால் என்ன செய்வது? உப்புநீர் புகட்டுதல் வேண்டாம், அதுவே நஞ்சாகிவிடும். மருத்துவர் கூறாமல் வாந்தி வரச் செய்யவும் வேண்டாம். தின்றது யாது, எவ்வளவு, எப்போது என்பதைக் குறித்துக்கொண்டு, மருந்தின் உறை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நூலோ கயிறோ விழுங்கி, அதன் நுனி வெளியே தெரிந்தால் இழுக்க வேண்டாம். உள்ளே குடல் அறுந்துவிடும். ஓயாத வாந்தி, உணவு மறுத்தல், வயிற்று வலியால் முதுகை வளைத்தல், ஈறு வெளுத்தல் ஆகியவை விடியும்வரை காத்திருக்கத்தக்க அறிகுறிகள் அல்ல.

உங்கள் நலனைப் பற்றியும் ஒரு சொல். தெருக்குட்டியின் வாய்க்குள் விரலை விட்டு எதையும் எடுக்க முயலாதீர்கள். பல் பட்டாலோ, கீறலில் உமிழ்நீர் பட்டாலோ, அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் திட்டுவர் என்று அஞ்சி மறைத்துவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்ட பின் அதற்கு நம்பத்தக்க மருந்து இல்லை. வெளிப்படுமுன் தடுக்க மருந்து உண்டு. உங்கள் குட்டிக்கு மூன்று மாதத்தில் அந்நோய்க்குரிய ஊசியைப் போட்டுவிடுங்கள். குட்டியோடு விளையாடிய பின் கைகழுவாமல் உண்ணாதீர்கள். உருண்டைப்புழுவின் முட்டை மனிதர் உடலிலும் புகும்.

ஒரு குட்டிக்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் எண்ணலாம். ஜெர்மனியில் பான் நகரின் அருகே ஓபர்காசல் என்னும் இடத்தில், 1914-இல் கற்குழி தோண்டியோர் பழைய புதைகுழி ஒன்றைக் கண்டனர். அது ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தனர். அவர்களோடு ஏழு மாதமும் நிரம்பாத ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களை ஆராய்ந்தோர், அக்குட்டி இறப்பதற்குச் சில வாரம் முன்பு கொடிய நோயொன்றால் பலமுறை வருந்தியதென்றும், மனிதர் பேணியிராவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்க இயலாதென்றும் 2018-இல் எழுதினர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியை, உழவும் அறியாத அம்மக்கள் பேணியிருக்கின்றனர். அந்தப் பழைய உறவையே நாமும் தொடர்கின்றோம்.

மணி பிழைத்துக்கொண்டது. நானும் பேரனும் நான்கு மாதம் அதற்கு "விடு" என்னும் சொல்லைப் பயிற்றினோம். இப்போது அது தெருவில் எதைக் கண்டெடுத்தாலும் ஓடி ஒளிவதில்லை. நேரே என்னிடம் கொணர்ந்து காலடியில் வைத்துக் கூலி கேட்டு நிற்கின்றது. சென்ற வாரம் அவ்வாறு வந்தது அடுத்த வீட்டாரின் புதுச் செருப்பு. அதைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டது நான்தான். ஆயினும் மணிக்குரிய துண்டை முதலில் கொடுத்துவிட்டே சென்றேன்.